அத்தைக்குப் பிடிக்காத படம்

எங்கள் வீட்டில் படம் பார்த்துவிட்டு வந்தால் கைகால் கழுவுவதற்கு முன்பே அதைப் பற்றிப் பேசியாக வேண்டும். அப்போது நாங்கள் நீலசந்திராவில், கீழே சைக்கிள் கடை இருந்த ஒரு கட்டடத்தின் மாடியில் குடியிருந்தோம். அப்பா அடுக்குமாடி வீடுகளில் லிஃப்ட் பழுது பார்ப்பவர். படத்திலும் எது பழுது என்பதுதான் அவர் கண்ணில் முதலில் படும். கதாநாயகன் ஓடுகிற லிஃப்டின் கூரைமேல் ஏறி நின்று சண்டை போட்டால் தொலைந்தது, அந்த வாரம் முழுக்க அதையே சொல்லிச் சொல்லி மாய்ந்துபோவார். அம்மா முதல் பாட்டிலேயே அழ ஆரம்பித்து, முடிவில் முகத்தைத் துடைத்துக்கொண்டு "நல்லா இருந்துச்சு" என்பாள். அவளுக்குப் பிடிக்காத படத்தை இதுவரை யாரும் எடுக்கவில்லை.

அத்தை அப்படியில்லை. அவள் அப்பாவின் தங்கை. நான் மூன்றாம் வகுப்புப் படிக்கும்போது தர்மபுரியிலிருந்து ஒரு சூட்கேசோடு வந்து சேர்ந்தாள். அத்தை இனிமேல் நம்மோடுதான் இருப்பாள் என்று என்னிடம் சொன்னார்கள். மாமா எங்கே என்று கேட்டேன். அம்மா என் கையில் ஒரு பிஸ்கட்டைக் கொடுத்து அனுப்பிவிட்டாள்.

வந்த புதிதில் அத்தை படத்தைப் பற்றி மட்டுமல்ல, எதைப் பற்றியும் வாய் திறக்க மாட்டாள். குழம்பில் உப்பு சரியாக இருக்கிறதா என்று கேட்டால்கூட அம்மாவின் முகத்தைப் பார்த்துவிட்டுத்தான் பதில் சொல்வாள். பிறகு பக்கத்துத் தெரு மருந்துக் கடையில் பில் போடும் வேலைக்குப் போகத் தொடங்கினாள். அதற்கும் பிறகு ஒருநாள், டீவியில் ஏதோ ஒரு கதாநாயகன் மழையில் ஊர் முழுக்க ஓடிக்கொண்டிருந்தபோது, "இவ்ளோ தூரம் ஓடறதுக்கு ஒரு போன் பண்ணியிருக்கலாமே" என்றாள். மெதுவாகத்தான் சொன்னாள். ஆனால் அப்பா சிரித்த சிரிப்பில் கீழே சைக்கிள் கடைக்காரர் வெளியே வந்து எட்டிப் பார்த்தார். அன்றிலிருந்து எந்தப் படமும் அத்தையிடமிருந்து முழுசாகத் தப்பியதில்லை. படத்தைவிட அத்தை சொல்லப்போவதற்காகத்தான் நான் கண்விழித்து உட்கார்ந்திருப்பேன்.

அம்மாவோடு கார்மெண்ட்ஸில் தைத்துக்கொண்டிருந்த ஓர் அக்காவுக்கு ஹெப்பகோடியில் ஒரு தம்பி இருந்தார். அங்கேயே ஒரு கம்பெனியில் மெஷின் ஓட்டுபவர். அவருக்கும் முதல் கல்யாணம் நிலைக்கவில்லை. பெரியவர்கள் தாழ்ந்த குரலில் பேசுவதை நான் பாடம் எழுதுகிற பாவனையில் கேட்டுக்கொண்டிருந்ததால் இவ்வளவும் எனக்குத் தெரியும்.

"காபி டம்ளரைத் தூக்கிட்டு வந்து இன்னொரு வாட்டி நிக்க என்னால ஆகாது அண்ணி" என்று அத்தை சொல்லிவிட்டாள்.

"யாரு உன்னை நிக்கச் சொன்னா? எல்லாரும் உக்காந்து ஒரு படம் பாக்கலாம்" என்றாள் அம்மா. அம்மாவுக்கு இப்படியெல்லாம் யோசிக்க வரும் என்று அப்பாவுக்கே அன்றுதான் தெரிந்தது.

ஞாயிற்றுக்கிழமை மதியக் காட்சி. அந்த அக்காவும் அவர் தம்பியும் நேராகத் தியேட்டருக்கு வருவதாக ஏற்பாடு. கிளம்பும்போது மாடிப்படியில் அம்மா அத்தையின் கையைப் பிடித்துக்கொண்டு, "இன்னிக்கு ஒரு நாள், படம் எப்படின்னு கேட்டா நல்லா இருந்துச்சுன்னு சொல்லிடும்மா. வேற ஒண்ணும் வேணாம்" என்றாள். அத்தை தலையாட்டினாள். எனக்குப் பெரிய ஏமாற்றமாக இருந்தது.

படத்தில் ஒரு பெண் இருந்தாள். வெளிநாடு போன காதலனுக்காக அவள் தினமும் ரயில் நிலையத்துக்கு வந்து கடைசி ரயில் போகும்வரை காத்திருப்பாள். வருடங்கள் போகும், அவள் கூந்தலில் நரைகூட வரும். நான் படத்தைப் பார்க்காமல் அத்தையின் முகத்தைப் பார்த்துக்கொண்டிருந்தேன். உதட்டை இறுக்கி மடித்து வைத்திருந்தாள், மருந்து குடிக்க மறுக்கிற குழந்தை மாதிரி.

முடிந்ததும் பக்கத்திலிருந்த தர்ஷினிக்கு, அதாவது நின்றபடி சாப்பிடும் ஓட்டலுக்குப் போய், உயரமான மேசையைச் சுற்றி எல்லோரும் நின்றோம். மேசை என் மோவாய் உயரம் இருந்தது. எனக்கு எதிரே அந்த ஹெப்பகோடி மாமாவின் சட்டைப் பொத்தான்களும் அவருடைய வடைத் தட்டும்தான் தெரிந்தன. அவருடைய அக்கா, படம் எப்படி என்று பேச்சை ஆரம்பித்தார். அம்மா நல்லா இருந்துச்சு என்றாள். அப்பா, அம்மாவின் பார்வையைப் பார்த்துவிட்டு, அவரும் அதையே சொன்னார்.

"நல்லா இருந்துச்சு" என்றாள் அத்தை.

மாமா கேட்டார்: "எது நல்லா இருந்துச்சு?"

அவர் கிண்டலாகக் கேட்கவில்லை. கேட்டுவிட்டு, வடையைப் பிட்ட கையை அப்படியே வைத்துக்கொண்டு பதிலுக்குக் காத்திருந்தார். அத்தை அம்மாவைப் பார்த்தாள். அம்மா சட்னியைப் பார்த்தாள்.

"இல்ல... எனக்குப் புடிக்கல" என்றாள் அத்தை.

"ஹௌதா? அப்படியா? ஏன்?"

"அந்தப் பொண்ணுக்கு வேற வேலையே இல்லீங்களா? சாப்பாட்டுக்கு என்ன பண்றா, வாடகை யாரு குடுக்கறா, ஒண்ணும் காட்டல. ஸ்டேஷன்ல நிக்கறது மட்டும்தான் காட்டறாங்க. அவன் திரும்பி வந்து நின்னதும் ஒரு கேள்வி கேக்கணுமில்ல? கால்ல விழறா."

"அது பாசங்க. ஒருத்தர் நமக்காகக் காத்திருக்காங்கன்னா அது சின்ன விஷயமா? யாருமே இல்லாத வீட்டைப் பூட்டு திறந்து உள்ள போறவனைக் கேளுங்க, சொல்லுவான்."

"காத்திருந்தவளைக் கேளுங்க. அவளும் சொல்லுவா."

அவ்வளவுதான், அவர்கள் இருவரும் வாக்குவாதத்தில் இறங்கிவிட்டார்கள். காபியில் ஆடை படிந்தது. மாமா அவ்வப்போது "சும்னே சொல்லாதீங்க" என்று எங்கள் ஊர்க் கன்னடத்தைக் கலந்து மறுத்தார். அத்தை சும்மா சொல்லவில்லை என்று விரலை மடக்கிக் காரணம் சொன்னாள். அம்மா மேசைக்கடியில் அத்தையின் முந்தானையை இழுத்தாள். இழுத்தது அத்தைக்குத் தெரியவே இல்லை.

திரும்பி வரும்போது பஸ்ஸில் அம்மா, "போச்சு, எல்லாம் போச்சு" என்றாள்.

"படம் உண்மையிலேயே சுமார்தானே" என்றார் அப்பா.

அத்தை ஜன்னலைப் பார்த்துக்கொண்டே வந்தாள். அன்று மட்டுமல்ல, அடுத்தடுத்த நாட்களிலும் அவள் பேசவில்லை. டீவியில் ஒருவன் துப்பாக்கிக் குண்டு பாய்ந்த நெஞ்சோடு முழுப் பாட்டும் பாடினான். அதற்கும் ஒரு வார்த்தை இல்லை. சூட்கேசோடு வந்தபோது இருந்த அத்தையாக மறுபடி மாறிவிடுவாளோ என்று எனக்குப் பயமாக இருந்தது. படுக்கும்போது, அவளுக்கு ஏதாவது ஒரு படம் பிடிக்காமல் போக வேண்டும் என்று சாமியிடம் வேண்டிக்கொண்டேன்.

அந்த வாரக் கடைசியில் அம்மாவின் போனுக்கு ஒரு வாய்ஸ் மெசேஜ் வந்தது. குக்கர் சத்தத்துக்கு நடுவே அம்மா அதைச் சத்தமாக வைத்தாள்.

"அக்கா, அந்தப் படத்தை இன்னொரு வாட்டி போய்ப் பார்த்தேன். உங்க நாத்தனார்கிட்ட சொல்லுங்க, ஸ்டேஷன் சீன் பத்தி அவங்க சொன்னது கரெக்ட்டு. எனக்குத்தான் மொத வாட்டி கண்ணுல படல. ஆனா கிளைமாக்ஸ் விஷயத்துல நான் ஒத்துக்க மாட்டேன்."

அத்தை துவைத்துக்கொண்டிருந்த ஈரக் கையோடு வந்து நின்றாள். "ஒத்துக்க மாட்டாராமா? குடுங்க அண்ணி. எதை அமுக்கணும்?"

அப்படி ஆரம்பித்த சண்டை நிற்கவில்லை. அத்தையிடம் அப்போது பட்டன் போன்தான் இருந்தது. அதனால் வாக்குவாதம் முழுக்க அம்மாவின் போனில், எங்கள் சமையலறையில் நடந்தது. பழைய படம், புதுப் படம், டப்பிங் படம் எதையும் விடவில்லை. அத்தை ஒரு படத்தைக் குறை சொன்னால் அவர் அதைத் தேடிப் பார்த்துவிட்டுப் பதில் அனுப்புவார். பாதிக்கு மேல் எதிர்ப்புதான். அத்தை வேலைவிட்டு வந்ததும், செருப்பைக் கழற்றும்போதே "வந்துச்சா?" என்று கேட்பாள்.

பாவம், அத்தைக்கு இவ்வளவு தொல்லையா என்று நினைத்தேன். ஒரு சனிக்கிழமை அவள் மொட்டை மாடியில் துணி எடுக்கப் போயிருந்தபோது, போனை எடுத்து நானே பேசினேன். "மாமா, அத்தைக்கு எல்லாப் படமும் புடிச்சிருக்கு. நீங்க சொன்னதுதான் கரெக்ட்டுன்னு சொல்லிட்டாங்க. இனிமே சண்டை வேணாம்."

பதில் உடனே வந்தது. சண்டை தீர்ந்துவிட்ட சந்தோஷத்தில், அதைக் கேட்காமலே போனைத் தூக்கிக்கொண்டு மாடிக்கு ஓடி, அத்தையின் காதருகே வைத்து அமுக்கினேன்.

"கண்ணு, உங்க அத்தை அப்படிச் சொல்லியிருக்க மாட்டாங்க. எனக்காக ஒண்ணும் மாத்திச் சொல்ல வேணாம்னு சொல்லு. புடிக்கலன்னா புடிக்கலன்னே சொல்லட்டும். நான் கேக்கறதுக்குத்தான இருக்கேன்."

அத்தை அதை இன்னொரு முறை வைக்கச் சொன்னாள். பிறகு கொடியில் பாதி காய்ந்திருந்த துண்டில் முகத்தைப் புதைத்துக்கொண்டாள். அவள் தோள் குலுங்கியது. தர்மபுரியில் அவள் இருந்த வீட்டில், எதிர்த்து ஒரு வார்த்தை சொல்லிவிட்டால் வாரக்கணக்கில் யாரும் அவளோடு பேச மாட்டார்கள் என்பது எனக்கு வளர்ந்த பிறகு அம்மா சொல்லித்தான் தெரியும். அன்று எனக்குத் தெரிந்ததெல்லாம் அந்த மாமா அத்தையை அழவைத்துவிட்டார் என்பதுதான்.

"திட்டிட்டாரா அத்தை?"

"இல்ல கண்ணு" என்றாள், துண்டுக்குள்ளிருந்தே.

நான் நம்பவில்லை. கீழே ஓடி அம்மாவிடம் சொன்னேன். அம்மா மெசேஜைக் கேட்டுவிட்டுச் சமையலறைத் தரையில் உட்கார்ந்து சிரித்தாள். சிரிக்கும்போதே கண்ணையும் துடைத்துக்கொண்டாள். இனி அப்பாதான் கதி. அவர் வேலைவிட்டு வந்ததும் நடந்ததைச் சொல்லி, அந்த மாமாவை நன்றாக நாலு கேள்வி கேட்க வேண்டும் என்று அழுதேன்.

அப்பா மெசேஜை முழுதும் கேட்டார். மாடிப் பக்கம் ஒருமுறை பார்த்தார். "ஆமா, கேக்கத்தான் வேணும். போன்ல எல்லாம் சரிப்படாது. நேராவே போயிடலாம்" என்றார்.

மறுநாள் காலையில் எல்லோரும் குளித்துக் கிளம்பி ஹெப்பகோடிக்குப் போனோம். அப்பா இஸ்திரி போட்ட சட்டை போட்டிருந்தார். அத்தை பச்சைப் புடவை கட்டியிருந்தாள். வழியில் இறங்கி அம்மா ஆப்பிளும் வாழைப்பழமும் வாங்கினாள், பிறகு மல்லிகைப்பூவும் வெற்றிலையும். பை கனத்ததால் ஒரு பக்கத்துக் காதை என்னைப் பிடித்துக்கொள்ளச் சொன்னார்கள். பிடித்துக்கொண்டு நடந்தேன். சண்டை போடப் போகிறவர்கள் எதற்கு இவ்வளவு பழம் வாங்கிக்கொண்டு போகிறார்கள் என்றுதான் எனக்குப் புரியவில்லை.