சனிக்கிழமைக்கு ஒரு “நோ”

மெல்பேர்னில் ஒரு முதியோர் இல்லத்துக் குசினியில் கமலினிக்கு வேலை. யாராவது வேலைக்கு வராவிட்டால் முதலில் மணியடிப்பது அவளுடைய கைபேசிதான். மாட்டேன் என்று அவள் சொன்னதாகச் சரித்திரமே இல்லை.

“உன்னைத் தேடி வாற போன் எல்லாம் அடுப்படியிலயிருந்துதான்,” என்று கணவர் சிறி நக்கலடிப்பார்.

அப்படிப்பட்டவளிடம்தான் மரிசோல் ஆங்கிலம் படிக்க வந்து சேர்ந்தாள். அதே குசினியில் சமையலுக்கு உதவும் கொலம்பியாக்காரி, கமலினியின் வயதுதான். ஸ்பானியத்தில் வாய் ஓயாது. ஆங்கிலத்தில் ‘ஹலோ’, ‘தேங்க்யூ’ இரண்டும் முடிந்தால் மிச்சமெல்லாம் சிரிப்பு. பூசணிக்காய்க்குத் தோல் சீவும் நேரம்தான் வகுப்பு. கத்தி, கரண்டி, சூடு, கவனம் என்று தொடங்கி பஸ், மருந்துக்கடை வரை வந்துவிட்டார்கள்.

இந்தக் கிழமைப் பாடம் அவசரமானது. சனிக்கிழமை காலையில் மரிசோலின் தங்கை வந்து இறங்குகிறாள். பார்த்துப் பல வருசமாகிவிட்ட தங்கை. மரிசோலிடம் கார் இல்லை. விமான நிலையத்துக்குத் தான் கூட்டிப்போவதாகக் கமலினி வாக்குக் கொடுத்திருந்தாள். ஆனால் மேலாளர் முரளிதரன் சனிக்கிழமைக்கு ஆள் தேடுகிறார் என்று குசினி முழுக்கக் கதை.

“அவர் கேட்டா என்ன சொல்லுவாய்?” என்று கமலினி எளிய ஆங்கிலத்தில் கேட்டாள்.

“சாரி, மை சிஸ்டர்...”

“சிஸ்டரை விடு. காரணம் சொன்னியெண்டா அவர் அதுக்கொரு வழி சொல்லுவார். டாக்சியில வரட்டும் எண்டுவார். ‘நோ, ஐ கான்ட்.’ அங்கயே நிப்பாட்டு.”

பட்டுத் தெரிந்துகொண்ட பாடம் அது. காய்ச்சல், கோயில், வீட்டுக்கு ஆட்கள் வருகினம் என்று கமலினி சொல்லிப் பார்த்த காரணங்களையெல்லாம் அவர் சிரித்துக்கொண்டே தள்ளிவிட்டிருக்கிறார்.

மரிசோல் மேலாளர் வேடம் கட்டினாள். இடுப்பில் கை வைத்து, புருவத்தை உயர்த்தி, “கமலினி, சாட்டர்டே?” என்றாள்.

“ஓகே,” என்று விழுந்தது கமலினியின் வாயிலிருந்து.

மரிசோல் பூசணித் தோலை எடுத்து அவள்மேல் எறிந்தாள். “டீச்சர் ஃபெயில்!”

வியாழக்கிழமை முரளிதரன் வந்தார். மதுரைப் பக்கத்து ஆள். கமலினியை விட இளையவர். குசினிக்குள் எல்லோரோடும் ஆங்கிலம்தான். சனிக்கிழமை வர முடியுமா என்று முதலில் மரிசோலிடம் கேட்டார்.

“நோ. ஐ கான்ட்.” சொல்லிவிட்டு உதட்டை இறுக மூடிக்கொண்டாள். ஏன் என்றார். “ஐ கான்ட்.”

அசந்துபோய்க் கமலினி பக்கம் திரும்பினார்.

“நோ, முரளி. ஐ கான்ட்.”

அவர் குரலைத் தாழ்த்தித் தமிழுக்கு மாறினார்.

“என்னக்கா, நீங்களே இப்படிச் சொன்னா எப்படி? தம்பிக்காக ஒரு நாள் வரக் கூடாதா?”

கமலினிக்கு உள்ளே ஏதோ இளகியது. அக்கா, தம்பி என்று வந்த பிறகு தமிழில் மறுக்க அவளிடம் சொல் கிடையாது. ‘ஓம் தம்பி, வாறன்’ நுனிநாக்கில் வந்து நின்றது. மரிசோலுக்குத் தமிழ் ஒரு சொல்லும் தெரியாது. ஆனால் கமலினியின் முகம் போன போக்கு தெரிந்தது. மெதுவாகக் கையை நீட்டி ஒரு பூசணித் தோலை எடுத்தாள்.

“நோ, முரளி,” என்றாள் கமலினி, ஆங்கிலத்திலேயே. “ஐ கான்ட்.”

சனிக்கிழமை, விமான நிலையம். தங்கை வெளியே வந்ததும் இருவரும் ஒரே நேரத்தில் பேசி, ஒரே நேரத்தில் அழுதார்கள். தன்பாட்டில் உருண்டு போன பெட்டி வண்டியைக் கமலினிதான் ஓடிப் பிடித்தாள். அப்போது கைபேசி அடித்தது. முரளிதரன்.

“அக்கா, ஓட்ஸ் கஞ்சி அடிப்பிடிக்குது. இங்க நான் ஒருத்தன்தான் மாட்டிக்கிட்டேன்.”

“அடுப்பைக் குறையுங்கோ தம்பி. அடியைச் சுரண்டாமல் மேலால வேற சட்டிக்கு மாத்துங்கோ.”

“ஒரு எட்டு வந்துட்டுப் போயிடுங்களேன்க்கா!”

“ஏலாது தம்பி,” என்றாள் கமலினி, தமிழிலேயே, சிரித்துக்கொண்டு. “பாலை ஊத்திக் கிண்டுங்கோ, சரிவரும்.”