முள் நட்சத்திரமும் சின்னப்பையனின் வலது கையும்

அயனம்பாக்கம் ஏரியில் எது விழுந்தாலும் சின்னப்பையனைத்தான் கூப்பிட வேண்டும். குடம் விழுந்தாலும் சரி, சைக்கிள் விழுந்தாலும் சரி, சொல்ல வாய் கூசுகிறது, மனுஷன் விழுந்தாலும் சரி. ஸ்டேஷனிலிருந்து கான்ஸ்டபிள் வந்து வாசலில் நின்று, "இன்னாம்மா, உன் ஊட்டுக்காரர் கீறாரா?" என்று கேட்டாலே அவன் பெண்டாட்டி அங்கம்மாவுக்கு விஷயம் புரிந்துவிடும். அடுப்பில் வெந்நீரை ஏற்றிவிட்டுத்தான் புருஷனை எழுப்புவாள்.

ஏரி கரையிலிருந்து பார்க்கத்தான் அழகு. உள்ளே போனால் டீத்தண்ணி. முகத்துக்கு நேரே கையை நீட்டினால் கை தெரியாது. அதனால் சின்னப்பையன் முங்கினதும் முதல் காரியமாகக் கண்ணை இறுக மூடிக்கொள்வான். வலது கையை முன்னே விட்டுச் சேறு, வேர், கல் என்று தடவிக்கொண்டே போவான். "கண்ணு சொம்மா பயங்காட்டும் மச்சான். கை பொய் சொல்லாது" என்பான். மச்சான் என்றது துலுக்கானத்தை. அங்கம்மாவின் தம்பி. மாமன் முங்கும்போது இடுப்பில் கட்டின கயிற்றின் மறுமுனையைக் கரையில் பிடித்துக்கொண்டு நிற்பது அவன் வேலை. கயிறு ஒரு தரம் சுண்டினால் எல்லாம் சரி என்று அர்த்தம். விடாமல் சுண்டினால் இழு. மற்ற நாட்களில் ரெண்டு பேரும் அம்பத்தூர் எஸ்டேட்டில் கம்பெனி கம்பெனியாகத் தண்ணீர்த் தொட்டி கழுவினார்கள்.

எண்பத்தெட்டில் பொங்கல் கழிந்து ஒரு நாள் ஜமீலா வந்தாள். ஆவடி குவார்ட்டர்ஸ் பெண். அப்பா டாங்கி ஃபேக்டரியில் ஃபிட்டர். இவள் கடலில் இருக்கிற ஜீவராசிகளைப் பற்றிப் படித்து, அதிலேயே ஆராய்ச்சியும் செய்துகொண்டிருந்தாள். குவார்ட்டர்ஸ் கிணற்றில் விழுந்த மோதிரத்தைச் சின்னப்பையன் எடுத்துக் கொடுத்ததை அவள் கூடவே நின்று பார்த்திருக்கிறாள்.

"அண்ணே, மேற்குக் கடல்ல ஒரு தீவு. அங்க பவளப்பாறையை நட்சத்திர மீன் தின்னுட்டு இருக்கு. பொறுக்கி எடுக்க மூச்சுப் பிடிக்கிற ஆளுங்க வேணும். வர்றீங்களா?"

சின்னப்பையன் சிரித்துவிட்டான். "இன்னா தங்கச்சி, கல்லைப் போயி மீன் துன்னுமா?"

"அது கல்லு இல்லண்ணே. உசுரு" என்றாள் அவள்.

ரெண்டு பேரும் கிளம்பிப் போனார்கள். ரயில், அப்புறம் கப்பல், அப்புறம் வாந்தி. துலுக்கானம் கப்பலில் கிடந்த கிடையைச் சொன்னால் அவனுக்கு இன்றைக்கும் கோபம் வரும், விட்டுவிடுவோம்.

கண்ணாடி மாட்டிக்கொண்டு முதல் தடவை முங்கின சின்னப்பையன், மேலே வந்து ஒரு மூச்சு இழுத்துக்கொண்டு உடனே மறுபடி முங்கினான். அத்தனை வருஷம் தண்ணீருக்குள்ளேயே பிழைத்தவன், தண்ணீருக்கு அடியில் என்ன இருக்கிறது என்று அன்றைக்குத்தான் கண்ணால் பார்த்தான். மஞ்சளும் ஊதாவுமாகப் பவளம் புதர் புதராக நின்றது. ஒன்று காலிஃபிளவர் மாதிரி, ஒன்று மான்கொம்பு மாதிரி. யானைத் தலை பெரிசுக்கு ஒரு உருண்டை. அதற்குப் பக்கத்தில் மேசை போட்ட மாதிரி தட்டையாக விரிந்த ஒன்று. அந்த மேசையைச் சுற்றி மீன் கூட்டம் சந்தைக்கடையாக இருந்தது. கடுகு பெரிசுப் பிராணிகள் லட்சக்கணக்கில் கூடிக் கட்டின ஊடு அது என்று ஜமீலா சொன்னபோது அவன் இந்தத் தடவை நம்பினான்.

பக்கத்துத் திட்டில் ஒரு நிறமும் இல்லை. வெள்ளை. சுண்ணாம்பு அடித்த மாதிரி வெள்ளை. அதற்கும் அப்பால் வெள்ளை போய் பச்சையாகப் பாசி பிடித்து, தொட்டால் உதிர்ந்தது. ஒரு மீன் இல்லை. தீவுக்காரர்கள் சூரை பிடிக்கப் போகுமுன் தூண்டிலுக்குப் பொடிமீன் அரிப்பது இங்கேதான். பொடிமீன் போனால் சூரை இல்லை. பாறை உதிர்ந்தால் அலையைத் தடுக்க ஆள் இல்லை, தீவின் கரையே போய்விடும்.

இத்தனையும் செய்தது தாம்பாளம் அகலத்துக்கு ஒரு ஜந்து. பதினைந்து பதினாறு கை, உடம்பெல்லாம் முள். ஜமீலா அதற்கு முள்முடி நட்சத்திர மீன் என்று நீளப் பெயர் சொன்னாள். இவர்கள் முள் நட்சத்திரம் என்று சுருக்கிக்கொண்டார்கள். அது தின்கிற லட்சணம் இருக்கிறதே, தன் வயிற்றை வாய் வழியாக வெளியே தள்ளி, பவளத்தின் மேல் விரித்து, அங்கேயே கரைத்துக் குடித்துவிட்டு நகர்ந்துபோகும். அது இருந்த இடம் வெள்ளையாக நிற்கும். ஒன்று ரெண்டு என்றால் பவளம் தாங்கும், மறுபடி வளரும். இது படையாக வந்திருந்தது.

ஜமீலா மூன்று விஷயம் சொல்லியிருந்தாள். வெட்டாதே, துண்டு பிழைத்தாலும் பிழைக்கும். முழுசாகக் கொக்கியில் எடுத்து மேலே கொடு, கரையில் புதைத்துவிடலாம். கை மட்டும் படக்கூடாது, முள்ளில் விஷம்.

வேலை ஒழுங்காகத்தான் போனது. கடைசியில் அந்த மேசைப் பவளத்துக்கு வந்தார்கள். ஓரத்தில் உள்ளங்கை அகலம் புது வெள்ளை. அடியில் ஒன்று பதுங்கியிருக்கிறது என்று அர்த்தம். சின்னப்பையன் முங்கிக் கொக்கியை விட்டான், எட்டவில்லை. இன்னும் உள்ளே தலையை நுழைத்தான். அடியில் இருட்டு. இருட்டைக் கண்டதும் ஏரிக்காரன் செய்கிற காரியத்தைச் செய்தான். கொக்கியை விட்டான், கண்ணை மூடினான், வலது கையை நீட்டினான்.

அப்புறம் கயிறு விடாமல் சுண்டியது. துலுக்கானம் படகிலிருந்து உயிரைக் கொடுத்து இழுத்தான். மேலே வந்தவன் கை முழங்கை வரைக்கும் வீங்கி, வாந்தி மேல் வாந்தி எடுத்தான். பொறுக்கிற சூட்டில் வெந்நீர் வைத்து அதில் கையை அமுக்கிப் பிடித்துக்கொண்டு ஜமீலா திட்டினாள். கண்ணில் தண்ணீர் நின்றது அவளுக்கு.

"கண்ணாடி மாட்டிட்டு யாராவது கண்ணை மூடுவாங்களாண்ணே? இன்னொரு தடவை குத்திச்சுன்னா விஷம் இதைவிட மோசமா வேலை காட்டும். மூச்சே அடைச்சுப் போகலாம். கண்ணைத் தொறந்து வெச்சிருக்கணும், அவ்ளோதானேண்ணே."

"அதை எடுத்தீங்களா?" என்றுதான் அவன் கேட்டான். ஜமீலா வெந்நீரை மாற்றினாள். அடுத்த கப்பலில் அவனை ஊருக்கு அனுப்பிவிட்டார்கள்.

வீக்கம் வற்றியது. சுண்டுவிரலும் மோதிரவிரலும் மரத்துப்போய் நின்றன. அதுகூடப் பரவாயில்லை. ஏரியில் இறங்கி, கண்ணை மூடி, கையை நீட்டினால், கை வரவில்லை. சேற்றில் எதுவோ பட்டதும் தானாகச் சுருண்டு நெஞ்சோடு ஒட்டிக்கொண்டது. அவன் கை அவன் பேச்சைக் கேட்கவில்லை. ஊருக்கு, "விரல் மரத்துப் போச்சுப்பா" என்று சொல்லி வைத்தான். அங்கம்மாவை ஏய்க்க முடியுமா? அரிசிப் பானைக்குள் கையை விடச் சொன்னாலே புருஷன் தயங்கிச் சொம்பைத் தேடுகிறதை அவள் பார்த்துவிட்டாள். இனிமேல் கடல் பக்கம் தலை வைத்துப் படுக்கக் கூடாது என்று மட்டும் சொன்னாள்.

ஏரிக்கு ஆள் வேண்டுமே. "நீ கயித்தைப் புடி மாமா, நான் எறங்கறேன்" என்றான் துலுக்கானம். அவனுக்கு அவ்வளவு மூச்சும் கிடையாது, கையில் அந்தத் தடவலும் கிடையாது. சின்னப்பையனுக்கு அது நன்றாகத் தெரியும். தெரிந்தும், பயம் என்று சொல்ல வெட்கப்பட்டு வாயை மூடிக்கொண்டு கயிற்றைப் பிடித்தான். என்னைக் கேட்டால் முள் குத்தினது பெரிசில்லை, இந்த வெட்கம்தான் பெரிசு.

தொண்ணூறில் கார்த்திகை மழை கொட்டித் தீர்த்து ஏரி நிரம்பிக் கலங்கலைத் தாண்டி வழிந்தது. கரை சரிந்து, கரையோரம் வயல் வைத்திருந்த முனியனின் தண்ணீர் மோட்டார் தண்ணீருக்குள் போய்விட்டது. அந்தப் பக்கம் கோடையெல்லாம் வேலிகாத்தான் மண்டிக் கிடந்த இடம். இப்போது அத்தனை முள்ளும் தண்ணீருக்கு அடியில்.

துலுக்கானம் முதல் தடவை முங்கி வெறுங்கையோடு வந்தான். மறுபடி முங்கினான். கயிறு ஒரு தரம் சுண்டியது. கொஞ்ச நேரம் பொறுத்து விடாமல் சுண்டியது. சின்னப்பையன் இழுத்தான். வரவில்லை. முனியனும் சேர்ந்து இழுத்தான். கயிறு விறைத்து நின்றதே தவிர ஒரு முழம் வரவில்லை. அப்புறம் சுண்டல் நின்றுபோனது.

சோறு கொண்டு வந்திருந்த அங்கம்மா தூக்குவாளியைக் கீழே வைத்தாள். "இன்னா பார்த்துகினு கீற?" என்றாள். குரல் உயரவே இல்லை.

கயிற்றை முனியனிடம் கொடுத்துவிட்டுக் குதித்தான். கண்ணைத் திறந்துகொண்டுதான் போனான். கை பேச்சைக் கேட்காமல் போனதிலிருந்து அவனுக்குக் கண்ணை மூடப் பயம். ஒன்றும் தெரியவில்லை, டீத்தண்ணி. இடது கையால் கயிற்றைப் பிடித்துக்கொண்டே போனான். கயிறு ஒரு புதருக்குள் நுழைந்தது. வலது கையை நீட்டினான். முள் பட்டது. கை வெடுக்கென்று நெஞ்சுக்கு வந்துவிட்டது. திரும்ப நீட்டினான், திரும்ப வந்துவிட்டது. மூச்சு முட்டியது. மேலே வந்தான்.

வெறுங்கையைக் கரையிலிருந்து அங்கம்மா பார்த்தாள். திட்டியிருந்தால் தேவலை என்று இருந்தது அவனுக்கு.

மூச்சை இழுத்துக்கொண்டு மறுபடி போனான். கண்ணை மூடினான். இது வேலிகாத்தான், நம்மூர் முள், குத்தினால் குத்தட்டும் என்று கைக்குச் சொன்னான். கை கேட்கவில்லை. இடது கையால் வலது மணிக்கட்டைப் பிடித்து, இன்னொருவன் கையைத் தள்ளுகிற மாதிரி புதருக்குள் தள்ளினான். உள்ளங்கையில் இறங்கியது, புறங்கையில் கிழித்தது, தள்ளினான். கிளை, வேர், மறுபடி கிளை, அப்புறம் தலைமயிர். அதன்பிறகு யாரும் அந்தக் கையைத் தள்ள வேண்டியிருக்கவில்லை. கிளையில் சுற்றின கயிற்றை அதுவே தடவிக் கண்டுபிடித்தது, அதுவே அவிழ்த்தது, மச்சானின் அக்குளில் பிடி போட்டது.

கரையில் போட்டபோது துலுக்கானத்துக்கு மூச்சில்லை. குப்புறப் போட்டு அமுக்கினார்கள். அமுக்கினார்கள், அமுக்கினார்கள். தண்ணீர் வந்தது. அதற்கு எத்தனையோ நேரம் கழித்து இருமல் வந்தது. அங்கம்மா அப்போதுதான் உட்கார்ந்தாள். மோட்டார் ஏரியிலேயே கிடந்தது, அதைப் பற்றி முனியனே பேசவில்லை.

மறுநாள் விஷயம் கேள்விப்பட்டு ஜமீலா வந்தபோது, அங்கம்மா ஊக்கை வைத்துக்கொண்டு புருஷன் கையிலிருந்து முள் எடுத்துக்கொண்டிருந்தாள். துலுக்கானம் கம்பளியைப் போர்த்திக்கொண்டு மூலையில் கஞ்சி குடித்தான்.

சின்னப்பையன் ரெண்டு வருஷமாக வைத்திருந்த கேள்வியைக் கேட்டான். "அந்த மேசைக்கு அடியில இருந்துச்சே தங்கச்சி, அது இன்னா ஆச்சு?"

ஜமீலா மழுப்பவில்லை. "மறுநாள் நீளக் கம்பி கட்டிப் பாத்தோம், எட்டலை. ஒண்ணு தின்ற வாசனைக்கு மத்தது வந்துச்சு. மேசை போச்சுண்ணே. வெளுத்து, பாசி புடிச்சு, போன மழைக்கால அலையில ஒடைஞ்சே விழுந்துடுச்சு. அந்த மீனுங்களையும் காணோம். அந்த யானைத் தலை உருண்டை இன்னும் உசுரோட இருக்கு. இப்ப ஓரத்துல வெள்ளை விழ ஆரம்பிச்சிருக்கு. பொங்கல் கழிச்சு மறுபடி போறோம்."

அவள் அவனைக் கூப்பிடவில்லை. கூப்பிடுகிற மாதிரி பார்க்கக்கூட இல்லை.

"நான் வரேன்" என்றான் சின்னப்பையன்.

ஊக்கு நின்றது. இன்னொரு தடவை குத்தினால் என்ன ஆகும் என்று அந்த வீட்டில் எல்லோருக்கும் தெரியும். ஜமீலா தரையைப் பார்த்தாள். துலுக்கானம் கஞ்சிக் கிண்ணத்தைக் கீழே வைத்தான். அங்கம்மா அந்தக் கையைத் திருப்பி வெளிச்சத்தில் பிடித்து ரொம்ப நேரம் பார்த்தாள். நேற்று அவள் தம்பியைக் கொண்டுவந்த கை.

"போறதுன்னா போ" என்றாள். "கண்ணைத் தொறந்து வெச்சிக்கினு போ."

சொல்லிவிட்டு அடுத்த முள்ளைத் தேட ஆரம்பித்தாள்.