மாங்கொட்டைச் சபதம்

அவருக்குப் பெற்றோர் வைத்த பெயர் ஒன்று இருந்தது. அதைச் சொல்லிக் கடைசியாக யார் கூப்பிட்டார்கள் என்பது அவருக்கே நினைவில்லை. தெருவில் அவர் டெய்லர், சுவருக்கு அந்தப் பக்கம் மாப்பிள்ளை, வீட்டுக்குள் 'ஏங்க'. இந்த மூன்று பதவிகளில் இரண்டாவதுதான் அவரைப் பதினோரு வருஷம் தூங்கவிடாமல் அடித்தது.

மாமனார் விட்டுப்போன வீட்டை நடுவே சுவர் வைத்துப் பிரித்தபோது, மாமரம் இருந்த பாதி மனைவியின் அண்ணனுக்குப் போயிற்று. கழிவுநீர்த் தொட்டி இருந்த பாதி டெய்லர் வீட்டுக்கு வந்தது. சீட்டுக் குலுக்கித்தானே எடுத்தோம் என்பார் மச்சான். சீட்டை எழுதியது யார், மடித்தது யார், குலுக்கியது யார் என்று டெய்லர் ஒருநாளும் கேட்டதில்லை. கேட்க வேண்டியதைக் கேட்காமல் மனசுக்குள் தைத்து வைத்துக்கொள்வது அவர் சுபாவம். அவர் போட்ட தையல் எதுவும் அவ்வளவு சுலபத்தில் பிரியாது.

மச்சானுக்குத் தண்ணீர் மீட்டர் கணக்கெடுக்கும் வேலை. முப்பத்திரண்டு வருஷம் ஊரார் வீட்டு வளாகத்துக்குள் கேட்காமல் கொள்ளாமல் நுழைந்து பழகியவர். அவருடைய மாமரமும் அப்படித்தான். ஒரு கிளை சுவரைத் தாண்டி டெய்லர் வீட்டுக் கொல்லையில் தொங்கும். பழுக்கும் நேரம் பார்த்து வலை கட்டிய கம்பு ஒன்று அந்தப் பக்கத்திலிருந்து நீண்டு வந்து, ஒன்று விடாமல் பறித்துக்கொண்டு திரும்பிப் போகும்.

"கிளை எங்க தொங்கினா என்ன மாப்ள, வேர் எங்க இருக்குன்னு பாக்கணும்" என்று குரல் மட்டும் இந்தப் பக்கம் வரும்.

அந்த மச்சான் ஓய்வு பெற்ற நாளில்தான் வினை பிறந்தது. மாமரத்தடியில் நாற்காலி போட்டு அலுவலகத்துக்காரர்களும் தெருக்காரர்களுமாகப் பன்னிரண்டு பேர் உட்கார்ந்திருந்தார்கள். அன்றைக்கு மச்சான் போட்டிருந்த சட்டை டெய்லர் தைத்தது. தொப்பை அளவு பற்றிய கருத்து வேறுபாட்டால் மூன்று முறை பிரித்துத் தைத்தது. மூன்றாவது தடவை கொடுத்துவிட்டு, கடையைச் சாத்தி, முகம் கழுவி, டெய்லர் வந்து சேர்வதற்குள் பழம் நறுக்கி முடிந்துவிட்டது. தட்டில் ஒரே ஒரு மாங்கொட்டை கிடந்தது.

"வாங்க மாப்ள, வாங்க! நேரத்துக்கு வரவங்களுக்குத்தான் கதுப்பு. உங்களுக்குன்னு இதை எடுத்து வச்சிருக்கேன், சப்புங்க. கடையில யாரும் வரமாட்டேங்கறாங்களாமே, பொழுதாவது போகும்!"

பன்னிரண்டு பேரும் சிரித்தார்கள். பதின்மூன்றாவதாக டெய்லரும் சிரித்துவிட்டார். பன்னிரண்டு பேரையும் ஒருவேளை மன்னித்திருப்பார். அந்தப் பதின்மூன்றாவது ஆளைத்தான் அவரால் மன்னிக்கவே முடியவில்லை.

அவர் சப்பவில்லை. கொட்டையைக் கைக்குட்டையில் சுற்றி வீட்டுக்குக் கொண்டுவந்தார்.

"என்னங்க அது?" என்றார் மனைவி.

"உங்கண்ணன் நமக்கு எழுதி வச்ச சொத்து."

"மாங்கொட்டை மாதிரி இருக்கு?"

"மாங்கொட்டையேதான். இதை மரமாக்கி, காய்க்க வச்சு, பழுக்க வச்சு, அதே பன்னெண்டு பேரையும் நம்ம கொல்லையில உக்கார வச்சு, அவங்க முன்னாடி உங்கண்ணன் கையில ஒரு கொட்டையைக் குடுக்கல..."

"குடுக்கலன்னா?"

டெய்லர் அதை யோசித்திருக்கவில்லை. "குடுப்பேன்" என்றார்.

"அதுக்கு ஆறேழு வருஷம் ஆகும். இப்ப சாப்பிட வாங்க, ஆறிப்போகுது."

அன்றே அளவு நோட்டின் கடைசிப் பக்கத்தில் சிரித்தவர்களின் பட்டியல் ஏறியது. சும்மா பட்டியல் இல்லை. சிரிப்புக்கும் அளவு எடுத்திருந்தார். 'மருந்துக்கடைக்காரர்: கடைவாய்ப் பல் வரை.' 'தபால்காரர்: சத்தம் குறைவு, தோள் குலுங்கல் அதிகம்.' இந்தப் பன்னிரண்டில் ஒன்பது பேர் அவரிடமே சட்டை தைப்பவர்கள் என்பது கடவுள் செய்த ஏற்பாடு. அன்றுமுதல் அந்த ஒன்பது பேருக்கும் அக்குளில் கால் அங்குலம் குறைத்து வெட்டினார். அரை அங்குலம் குறைத்தால் சட்டை திரும்பி வந்துவிடும். கால் அங்குலம் என்றால் மனிதன் தன் உடம்பைத்தான் சந்தேகிப்பான். மருந்துக்கடைக்காரர் மேல்தட்டு டப்பாவை எடுக்கக் கை தூக்கும்போதெல்லாம் முகம் சுளிப்பதை, டெய்லர் இருமல் மருந்து வாங்கும் சாக்கில் போய்ப் பார்த்துவிட்டு வருவார். இருமல் இல்லாத மனிதர் வீட்டில் இருமல் மருந்து ஏழு பாட்டில் சேர்ந்தது.

மாங்கொட்டைக்கோ ராஜ உபசாரம். நாரெல்லாம் போகப் பிரஷ் போட்டுத் தேய்த்தார். இரண்டு நாள் நிழலில் காயவைத்தார். பிறகு, தையல் பிரிப்பதுபோல ஓட்டின் ஓரத்தைப் பழைய கத்தரியால் மெல்ல மெல்ல வெட்டி, பிளந்து, உள்ளே வெளிறிப்போய்ச் சுருண்டு கிடந்த பருப்பை எடுத்தார். அதை ஈரமான லைனிங் துணியில் சுற்றி, ஊசி டப்பாவில் வைத்து மூடினார். தினமும் காலையில் மிஷினுக்கு எண்ணெய் விடும் முன் டப்பாவைத் திறந்து பார்ப்பார். ஒன்பதாம் நாள் வெள்ளையாக ஒரு வேர் எட்டிப் பார்த்தது.

"வந்துட்டான்" என்றார் பல்லைக் கடித்துக்கொண்டு.

பருப்பின் குழிந்த வயிறு கீழே, வளைந்த முதுகு மேலே இருக்கும்படி தொட்டி மண்ணில் வைத்தார். மூன்றாவது வாரம் செம்பு நிறத்தில் நாலு இலை, துவைத்துக் காயப்போட்ட துணிபோலத் துவண்டு தொங்கியது. அடுத்த மழைக்குச் சுவரிலிருந்து ஐந்தடி தள்ளித் தரையில் நட்டார். ஞாயிற்றுக்கிழமைதோறும் டேப்பைப் பிடித்து அளந்து நோட்டில் எழுதினார்: 'உயரம் பதினாலரை. இடுப்பு ஒண்ணேகால்.'

மச்சான் சுவருக்கு மேல் தலையை நீட்டினார். "என்ன மாப்ள, கன்னுக்குச் சட்டை தைக்கிறீங்களா?"

"நீங்க குடுத்த கொட்டைதான் மச்சான்."

"ஐயையோ, என்னுது ஒட்டு மரமாச்சே! அந்தக் கொட்டையைப் போட்டா மரம் வரும், ஆனா என் பழம் வராது. என்ன பழம் வரும்னு அந்த மரத்துக்கே தெரியாது."

"பாக்கலாம் மச்சான்."

'பாக்கலாம்' என்ற சொல்லை டெய்லர் வேறு யாரிடமும் அந்தத் தொனியில் சொன்னதில்லை.

மரம் வளர்ந்தது. ஐந்தாம் வருஷம் சுவரைத் தாண்டிற்று. அங்கேதான் டெய்லர் தன் இரண்டாவது சபதத்தைப் போட்டார்: ஒரு இலையின் நிழல்கூட அந்தப் பக்கம் விழக் கூடாது. ஞாயிற்றுக்கிழமை அளவெடுத்து முடிந்ததும் ஸ்டூல் போட்டு ஏறி, சுவர் பக்கம் நீண்ட கிளை நுனிகளையெல்லாம் நறுக்குவார். ஒரு பக்கம் நறுக்கினால் மறுபக்கம் கோணலாகத் தெரியும். கோணலைப் பார்த்துக்கொண்டு எந்த டெய்லராலும் சும்மா இருக்க முடியாது. ஆகவே நாலு பக்கமும் சுற்றி, விளிம்பு மடித்துத் தைத்ததுபோல வட்டமாக வெட்டிவிடுவார். தெருவில் அவ்வளவு கச்சிதமான மரம் வேறில்லை. ஆனால் ஆறாம் வருஷம் பூக்கவில்லை. ஏழாம் வருஷம் பூக்கவில்லை. எட்டு, ஒன்பது, ஊகூம். சுவருக்கு அந்தப் பக்கம் வலைக்கம்பு மட்டும் வருஷாவருஷம் ஆடி அசைந்தது.

"மலட்டு மரமா மாப்ள?" என்று விசாரித்தார் மச்சான், மிகுந்த அனுதாபத்தோடு. அன்று டெய்லர் தைத்த மூன்று சட்டைகளில் காஜா தவறிப்போயிற்று.

பத்தாம் வருஷம் செடிப்பண்ணைக்காரர் ஒருவர் பேண்ட்டின் நீளம் குறைக்க வந்தார். ஊசியைக் கோத்துக்கொண்டே டெய்லர் தன் துயரத்தைச் சொன்னார். வந்தவர் பின்வாசல் வழியே எட்டிப் பார்த்தார்.

"யாரு இதுக்கு முடி வெட்டறது?"

"நான்தான்."

"ரொம்ப அழகா இருக்கு. எப்பப்ப வெட்டுவீங்க?"

"ஞாயித்துக்கிழமை தவறாம."

செடிப்பண்ணைக்காரர் பேண்ட்டை மறந்துவிட்டு டெய்லரையே பார்த்தார். "அண்ணே, மாமரம் கிளை நுனியிலதான் பூக்கும். அதுவும் நுனி நல்லா முத்தணும். நீங்க வாராவாரம் நுனியைத்தானே வெட்டியிருக்கீங்க? அது எங்கேருந்து பூக்கும்?"

பகையாளிக்கு நிழல் போகக் கூடாதென்று பழியை அவரே தன் கையால், விளிம்பு சுத்தமாக, வாராவாரம் வெட்டி எறிந்திருக்கிறார். அன்று அந்த பேண்ட் ஒரு கால் குட்டையாகப் போயிற்று.

கத்தரியை உறையில் போட்டார். மரம் இஷ்டத்துக்குத் தலைவிரித்தது. ஆனால் இடையில் டெய்லர் தன் வீட்டுக்கு மேல் கட்டிய மாடியறை இந்தப் பக்கத்து வெயிலை மறைத்ததால், கிளைகளெல்லாம் வெளிச்சம் தேடிச் சுவருக்கு அந்தப் பக்கம்தான் போயின. அதே வருஷம் மச்சானின் மரத்தில் வண்டு விழுந்தது. அடிமரம் உள்ளே பொடிப்பொடியாகி, வெட்டிச் சாய்த்தார்கள். டெய்லர் மாடியில் நாற்காலி போட்டு உட்கார்ந்து, ஐயோ பாவம் ஐயோ பாவம் என்று சொல்லிக்கொண்டே இரண்டு தடவை டீ வாங்கிக் குடித்தார்.

மறுநாளே அந்த மகிழ்ச்சி போயிற்று. நிழல் இழந்த மச்சான் தன் சாய்வு நாற்காலியை இழுத்து வந்து, டெய்லர் மரத்துக் கிளையின் கீழ் போட்டுக் காலை நீட்டிக்கொண்டார்.

"ஏசி மாதிரி இருக்கு மாப்ள!"

டெய்லரின் கை உறையைத் தடவியது. ஆனால் வெட்டினால் பூ போய்விடும். பழி வாங்க வேண்டுமென்றால் நிழல் கொடுக்க வேண்டும். ஒரு வருஷம் முழுக்க இந்த அவமானத்தை விழுங்கிக்கொண்டார்.

பதினோராம் வருஷம் பூத்தது. நின்ற காய் ஏழு. ஏழும் மச்சானின் தலைக்கு நேர் மேலே.

"மச்சான், வேர் எங்க இருக்குன்னு பாக்கணும்னு நீங்கதான் சொன்னீங்க" என்று டெய்லர் சுவரோரம் நின்று எச்சரித்தார்.

"நான் தொடுவேனா மாப்ள? தினமும் எண்ணிட்டுத்தான் இருக்கேன். நேத்து ஒரு அணில் வந்துச்சு, செருப்பைக் கழட்டி அடிச்சேன்."

தனக்குச் செதுக்கும் ஆப்புக்குத் தானே காவல் இருக்கிறார் இந்த மனுஷன் என்று டெய்லருக்கு உள்ளூரச் சர்க்கரை கரைந்தது.

பழங்களைப் பறித்து வெட்டுத்துணிப் பெட்டியில் வைத்தார். நாலாம் நாள் வாசனை தெருவையே கூப்பிட்டது. ஒரு துண்டு வெட்டி ருசி பார்க்கலாமே என்றார் மனைவி. சபதம் போட்ட பழத்தை முதலில் சபையில்தான் வெட்ட வேண்டும் என்று மறுத்துவிட்டார் டெய்லர். சிரித்த பன்னிரண்டு பேரில் மூவர் வேறு ஊருக்குப் போய்விட்டார்கள். இருவர் இறந்துபோனார்கள், அக்குள் இறுக்கம் காரணமல்ல. மிச்சம் ஏழு பேருக்கும் தானே நேரில் போய்ச் சொல்லிவிட்டு வந்தார். ஏழு பேர், ஏழு பழம்.

பதினோரு வருஷமாக அவர் மிஷின் சத்தத்துக்குள் ஒத்திகை பார்த்த வசனம் ஒன்று இருந்தது: நேரத்துக்கு வரவங்களுக்குத்தான் கதுப்பு மச்சான். முதல் இடி, மச்சான் எல்லாருக்கும் முன்னால் இரண்டு மணி நேரம் முன்பே வந்து உட்கார்ந்துவிட்டது. வசனத்தை மாற்ற அவகாசமில்லை. கதுப்புகளை ஏழு பேருக்கும் கொடுத்துவிட்டு, ஒரு கொட்டையைத் தட்டில் வைத்து மச்சானின் முன் நீட்டினார்.

"நேரத்துக்கு வரவங்களுக்குத்தான் கதுப்பு மச்சான். உங்களுக்கு இது. சப்புங்க."

இனி சிரிப்பு வர வேண்டும். டெய்லர் காத்திருந்தார். வரவில்லை. தபால்காரர் ஒரு கண்ணை மூடியிருந்தார். மருந்துக்கடைக்காரர் வாய்க்குள் விரலை விட்டு எதையோ இழுத்துக்கொண்டிருந்தார்; அது வந்துகொண்டே இருந்தது. மற்றவர்கள் பேசும் நிலையிலேயே இல்லை. அப்படியொரு புளிப்பு, அப்படியொரு நார். தெருவையே கூப்பிட்ட வாசனை வெறும் வாய்ப்பேச்சு.

மச்சான் மட்டும் பல்செட்டைக் கழற்றிச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டு, கண் மூடிச் சப்பிக்கொண்டிருந்தார்.

"ஏன் எல்லாரும் மூஞ்சியை இப்படி வச்சிருக்கீங்க? கொட்டையோரம் தேனா இருக்கே! கதுப்பெல்லாம் இப்ப நமக்கு ஆகாது. இன்னொண்ணு இருக்கா மாப்ள?"

டெய்லர் தட்டைக் கீழே வைத்தார். "உங்க ரிட்டயர்மெண்ட் அன்னிக்கு எனக்கு என்ன குடுத்தீங்கன்னு ஞாபகம் இருக்கா?"

"இல்லாம என்ன? பதினோரு வருஷமா சுவருக்கு மேல அதைத்தானே பாத்துட்டு இருக்கேன். எப்படா திருப்பிக் குடுப்பீங்கன்னு காத்திருந்தேன். நடுவுல செத்துகித்துப் போயிட்டா உங்களுக்கு ஏமாத்தமாயிடுமேன்னு கவலை வேற." மச்சான் வாயைத் துடைத்துக்கொண்டார். பிறகு கைக்குட்டையை விரித்து அந்தக் கொட்டையை அதில் சுற்றினார். "இனிமே என் முறை மாப்ள."

அப்போதுதான் சிரிப்பு வந்தது. சிரித்தது ஒரே ஒரு ஆள், டெய்லரின் மனைவி. டெய்லரின் அளவு நோட்டில் இடம்பெறாத ஒரே சிரிப்பு அதுதான்.

ஒரு வாரம் டெய்லர் கொல்லைப் பக்கமே போகவில்லை. ஞாயிற்றுக்கிழமை பழக்க தோஷத்தில் ஸ்டூலில் ஏறியபோது சுவருக்கு அந்தப் பக்கம் தெரிந்தது. அறுபத்தொன்பது வயது மச்சான் குந்தி உட்கார்ந்து, சுவரை ஒட்டி வைத்திருந்த தொட்டியில் குழி தோண்டிக்கொண்டிருந்தார். பருப்பைக் கையில் எடுத்தார். முதுகு கீழே, வயிறு மேலேயாகத் தலைகீழாக வைத்தார். மண்ணைத் தள்ளப் போனார்.

அழுகட்டும், நமக்கென்ன என்று டெய்லர் அரை நிமிஷம் சந்தோஷமாக நின்றார். பிறகு கணக்குப் போட்டார். அழுகினால் மரம் வராது. மரம் வராவிட்டால் கிளை வராது. கிளை சுவரைத் தாண்டி இந்தப் பக்கம் வந்தால்தானே நறுக்க முடியும்? நுனியில்தான் பூக்கும் என்ற சங்கதி இந்த மனுஷனுக்கு இன்னும் தெரியாது.

"மச்சான்! திருப்பி வைங்க. முதுகு மேல இருக்கணும்."

"அப்படியா மாப்ள? ரொம்ப நல்லது."

"தினமும் தண்ணி ஊத்துங்க, நல்லா வளரட்டும்" என்று சொல்லிவிட்டு டெய்லர் ஸ்டூலிலிருந்து இறங்கினார். உள்ளே போய்க் கத்தரியை உறையிலிருந்து எடுத்து, மிஷின் எண்ணெயில் இரண்டு சொட்டு விட்டு, திறந்து மூடிப் பார்த்தார். சத்தம் நன்றாக இருந்தது.