மீதம் இருந்த சொட்டு மருந்து

இதை இதுவரை யாரிடமும் சொன்னதில்லை. சொல்லக் கூச்சமாகத்தான் இருக்கிறது.

அபிராமம் பக்கம் எங்கள் வயலில் நெல் அறுத்தபோது மருமகள் செல்வியின் கண்ணில் நெல்லின் சொணைத் தூசி விழுந்து கண் சிவந்துவிட்டது. எனக்குக் கண் ஆபரேஷன் செய்தபோது கொடுத்த சொட்டு மருந்து வீட்டில் மீதம் இருந்தது. என் கண் சிவப்பு அதில்தான் தெளிந்தது என்று நாலு நாள் அவளுக்கும் விட்டேன். ஐந்தாம் நாள் கருவிழியில் வெள்ளை படர்ந்தது.

ராமநாதபுரத்துக்கு ஓடினோம். டாக்டரம்மா கண்ணில் கொஞ்சம் சுரண்டி எடுத்துக் கம்ப்யூட்டரில் பெரிதாக்கிக் காட்டினார். நூல் நூலாகக் கிடந்தது.

“இது பூஞ்சைம்மா, உசுருள்ளது. நுனி நீண்டுக்கிட்டே போகும். நடுவுல தடுப்பு விழுந்து அறை அறையாப் பிரியும், பக்கத்துல கிளை விடும். வேற மருந்து ஏதும் போட்டீங்களா?”

“ஒண்ணும் போடல” என்றாள் செல்வி. என்னைக் காப்பாற்றத்தான் சொன்னாள். நான் மடியிலிருந்த பையை இறுக்கி மூடினேன். டாக்டரம்மா சீட்டு எழுதத் தொடங்கிவிட்டார்.

“நாந்தேன் போட்டேன்” என்று பையிலிருந்த குப்பியை நீட்டினேன். அன்றைக்கும் விடலாம் என்று எடுத்து வந்திருந்தேன்.

அவர் முகம் மாறியது. “இது கண்ணோட எதிர்ப்பைக் கொறைச்சிரும். பூஞ்சைக்கு உரம் போட்ட மாதிரி. இதை விட்டுக்கிட்டே இருந்திருந்தா கண்ணே போயிருக்கும்.”

ஒன்றரை மாதம் மருந்து விட்டுக் கண் பிழைத்தது. ஓரத்தில் ஒரு வெள்ளைத் தழும்பு நின்றுவிட்டது. “இனிமே உங்க மருந்தை நீங்களே வச்சுக்கங்க அத்தை” என்று செல்வி சிரிக்கிறாள். எனக்குத்தான் சிரிப்பு வருவதில்லை. நான் வாய் திறக்காமல் உட்கார்ந்திருந்த அந்தக் கொஞ்ச நேரத்திலும் அந்த நூல் நீண்டுகொண்டுதானே இருந்திருக்கும்.