நாற்பது ஹெச்.பி. நிலா

சாயங்காலம் மோட்டார் கடையிலிருந்து ஒரு நடை வீட்டுக்கு வந்து, மனைவியோடு மொட்டைமாடியில் உட்கார்ந்து டீ குடித்துவிட்டுப் போவேன். கல்யாணமானதிலிருந்து எங்களுக்குச் சினிமா, பீச், ஊட்டி எல்லாம் அதுதான். அனந்தபுரத்திலிருந்து பம்ப்செட் வாங்க வந்தவர் எப்படிப் பேரம் பேசினார், மேல்சித்தாமூர்க்காரர் எரிந்துபோன மோட்டார் காயிலைக் குழந்தை மாதிரி எப்படித் துண்டில் சுற்றிக்கொண்டு வந்தார் என்று நடித்துக் காட்டுவேன். அவள் டம்ளரைக் கீழே வைத்துவிட்டுச் சிரிப்பாள். அந்தச் சிரிப்பு எனக்கு ஒரு நாள் தவறினால் மாத்திரை தவறிய மாதிரி.

இந்த நிலையில்தான் என் சகலை ஒரு டெலஸ்கோப் வாங்கித் தொலைத்தார்.

சகலை என்றால் என் மனைவியின் அக்கா புருஷன். ரைஸ் மில்லில் கணக்குப் பார்க்கிறார். ஒரு நாளைக்கு அவர் பேசுகிற பேச்சை ஒரு பஸ் டிக்கெட்டின் பின்பக்கத்தில் எழுதிவிடலாம். அப்படிப்பட்ட மனிதர் வீட்டுக்கு ஒரு நாள் போன என் மனைவி, திரும்பி வரும்போதே தெருவிலிருந்து கத்தினாள்.

“ஏங்க, நெலாவுல பள்ளம் பள்ளமா இருக்குதுங்க!”

“நம்ம தெருவுலகூடத்தான் இருக்குது. அதுக்கு இன்னா, டெலஸ்கோப்பா வைக்கிறோம்?”

நல்ல ஜோக். நானே சிரித்தேன். அவள் சிரிக்கவில்லை.

அதற்கப்புறம் அவள் தினமும் அங்கேதான். டீ பிளாஸ்க்கும் கூடவே போயிற்று. எனக்கு ஒரு டம்ளர் டீ, மேலே தட்டுப் போட்டு மூடி, சமையல் மேடையில் இருக்கும். ஆஸ்பத்திரியில் நோயாளிக்கு வைக்கிற மாதிரி. அதை எடுத்துக்கொண்டு மாடிக்குப் போனால், ரெண்டு தெரு தள்ளி சகலை வீட்டு மாடியில் மூன்று உருவமும் ஒரு குழாயும் தெரியும். ராஜகிரி மலைக்கோட்டையைப் பார்த்து வளர்ந்தவன் நான். மாடியிலிருந்து அந்தக் கோட்டையைப் பார்க்காமல் ரைஸ் மில் கணக்குப்பிள்ளையைப் பார்த்துக்கொண்டிருந்தவன் ஊரிலேயே நான் ஒருவனாகத்தான் இருப்பேன்.

பொறுக்க முடியவில்லை. டெலஸ்கோப் விற்கிறவருக்குப் போன் போட்டேன். சகலையுடையதில் முன்பக்க லென்ஸ் எழுபது மில்லிமீட்டர் என்று விசாரித்து வைத்திருந்தேன். எண்பது சொன்னேன். அந்த ஒரு விஷயத்தில் மட்டும் என் பொறாமை சரியாக வேலை செய்தது.

“ஐபீஸ் இன்னா இன்னா வேணும் சார்?” என்றார். ஐபீஸ் என்றால் கண்ணை வைத்துப் பார்க்கிற சின்னக் குழாய்த்துண்டு. ஒவ்வொன்றின் தலையிலும் ஒரு நம்பர் இருக்கும். “கூடவே ஒரு பத்து வரும். ஆரம்பிக்கிறவங்க ஒரு இருபத்தஞ்சு சேத்து வாங்கிக்குங்க, போதும்.”

“இருபத்தஞ்சு எங்க சகலை வீட்ல இருக்குது. அதைவிடப் பெருசு இன்னா வச்சிருக்கீங்க?”

“நாப்பது இருக்குது சார். ஆனா...”

“ஆனா எல்லாம் வேணாம். நாப்பது போடுங்க.”

அஞ்சு ஹெச்.பி.யைவிட பத்து ஹெச்.பி. அதிகம் இழுக்கும். இதை வைத்துத்தான் நான் பிழைக்கிறேன். இருபத்தைந்து நிலாவை இவ்வளவு இழுத்தால் நாற்பது எவ்வளவு இழுக்கும்! கூடவே நிலா கூசாமல் இருக்கப் பச்சைக் கண்ணாடி, கிரகங்களுக்குக் கலர் கண்ணாடிகள், செல்போன் மாட்டும் கிளிப், தோளில் போடும் பை என்று மாமியார் வீட்டுச் சீர்வரிசை மாதிரி அடுக்கினேன்.

பெட்டி வந்தது. உள்ளே ஐபீஸை மாட்டுவதற்கு, கண்ணாடி வைத்து முழங்கை மாதிரி வளைந்த ஒரு எல்போ இருந்தது. குழாயில் எல்போ போட்டால் பிரஷர் குறையும். அதை ஓரமாக வைத்துவிட்டு, நேராக ஒரு நீட்டுக்குழாயைச் செருகி நாற்பதை மாட்டினேன். சூரியன் அப்போதுதான் இறங்கியிருந்தது. நிலா மலைக்கு மேலே தயாராக நின்றது. நான் குழாயைத் திருப்பியது சகலை வீட்டு மாடிக்கு.

தெரிந்தது. தலைகீழாகத் தெரிந்தது. என் மனைவி வௌவால் மாதிரி தொங்கிக்கொண்டு டீ குடித்தாள். டம்ளரிலிருந்து ஒரு சொட்டுக்கூடச் சிந்தவில்லை. பக்கத்தில் சகலை தொங்கினார். அவர் ஏதோ சொல்ல, அவள் சிரித்தாள். நல்லா கவனியுங்கள், பேசவே பேசாத மனிதர் ஒரு வார்த்தை சொல்ல, என் மனைவி சிரித்தாள். ரத்தம் தலைக்கு ஏறியது. தொங்கியது அவர்கள், ஏறியது எனக்கு.

அப்போது அவர்கள் குழாய் மெல்லத் திரும்பியது. திரும்பி, என்னைப் பார்த்து நின்றது. போன் அடித்தது.

“ஏங்க,” என்றாள், “லுங்கிய எறக்கி வுடுங்க. அக்கா பாக்குது.”

அந்த மானக்கேட்டை விழுங்கிவிட்டு நிலாவுக்குத் திருப்பினால், நிலா பொட்டுக்கடலை சைஸில் இருந்தது. கடைக்காரருக்குப் போன் போட்டேன்.

“நாப்பது போட்டும் நெலா சின்னதா இருக்குது. டூப்ளிகேட்டா?”

“சார், நம்பர் ஏற ஏற உருவம் சின்னதாதான் தெரியும். பெருசா தெரியணும்னா சின்ன நம்பர் போடணும்.”

“இதை மொதல்லயே சொல்றதுக்கு இன்னா?”

“சொல்ல வந்தேன் சார். நீங்கதான் ‘ஆனா எல்லாம் வேணாம்’னீங்க.”

சரி, தலைகீழ்க் கணக்கு. தலைகீழாகவே போவோம் என்று, இருப்பதிலேயே சின்னதான நாலாம் நம்பரை வரவழைத்தேன். அதோடு உருவத்தை மூன்று மடங்காக்கும் பார்லோ லென்ஸ் ஒன்று. அவர் மறுபடி “ஆனா” என்றார். இந்த முறை போனையே வைத்துவிட்டேன்.

மனைவியிடம் அறிவித்தேன். “நாளைக்கு நம்ம மாடி. நெலாவை உன் மடியில எறக்கறேன்.”

வந்தாள், பிளாஸ்க்கோடு. பார்லோ, அதில் நாலு, அதில் பச்சைக் கண்ணாடி என்று ரயில் பெட்டி மாதிரி கோத்து வைத்திருந்தேன். கண்ணை வைத்தேன். கறுப்பு. குழாயைத் தட்டினேன். ஏதோ பச்சையாக ஒன்று, பாசி படிந்த கிணற்றில் மீன் ஓடின மாதிரி, குறுக்கே ஓடி மறைந்தது. மறுபடி கறுப்பு. முதுகில் வியர்வை ஊற்றியது. பயந்தால் எனக்கு வாய் நிற்காது.

“இன்னைக்கு அமாவாசையா இருக்குமோ?” என்றேன்.

பாதி நிலா எங்கள் தலைக்கு மேலே பளிச்சென்று நின்றுகொண்டிருந்தது. அவள் அதைப் பார்த்தாள், என்னைப் பார்த்தாள்.

“கொஞ்ச நேரம் வாய மூடிக்கினு இருங்க. ரெண்டு இஞ்சு தண்ணி வர்ற போர்ல பத்து ஹெச்.பி. மோட்டார் எறக்குனா இன்னா ஆவும்?”

கடையில் தினமும் நான் சொல்கிற வசனம். “காத்து இழுக்கும்,” என்றேன்.

“அதான் இழுக்குது. எறங்குங்க.”

ஸ்டூலிலிருந்து இறங்கினேன். கோத்த ரயிலை ஒவ்வொன்றாகக் கழற்றி என் கையில் வைத்தாள். எல்போவைத் தேடி மாட்டினாள். “பெரிய நம்பர் இன்னா இருக்குது?” என்றாள். வெட்கத்தில் பையின் அடியில் புதைத்திருந்த நாற்பதை எடுத்துக் கொடுத்தேன். அதில் நிலாவைப் பிடித்து நடுவில் நிறுத்தி, பிறகு அதை எடுத்துவிட்டு, பெட்டியோடு வந்த பத்தை மாட்டி, லேசாகத் திருகினாள்.

“பாருங்க.”

பார்த்தேன். வெளிச்சமும் இருட்டும் சேருகிற ஓரத்தில் பள்ளம் பள்ளமாக, கையால் தடவிப் பார்க்கலாம் போல நிலா நின்றது. ஆனால் என் வாயிலிருந்து வந்தது வேறு.

“உங்க மாமா சொல்லிக் குடுத்தாரா?”

“மாமாவா? அவருக்கு நெலாவப் புடிக்கவே வராது. முட்டியும் மடங்காது. நான்தான் திருவி வச்சிக் குடுக்கணும். பெருசுல புடி, சின்னதுல பாருன்னு நானா கண்டுபுடிச்சேன். அன்னைக்கு உங்க பக்கம் திருப்புனதும் நான்தான்.”

“அவரு ஏதோ சொன்னாரு, நீ சிரிச்ச.”

“‘சகலை லுங்கி’ன்னாரு. அவ்ளோதான்.”

அப்படியானால் அந்தச் சிரிப்பும் என்னால் வந்ததுதான். கொஞ்சம் தெம்பு வந்தது. “பின்ன எதுக்கு தெனமும் அங்க போற?”

“அங்க என்னைத் திருவ வுடறாங்க. இங்க, பெட்டி வந்ததுலேர்ந்து ஒரு ஸ்க்ரூவத் தொட வுட்டீங்களா?”

பதிலுக்கு மூன்று ஜோக் தயாராக இருந்தது. மூன்றையும் விழுங்கிவிட்டு ஸ்டூலை அவள் பக்கம் தள்ளினேன்.

பிளாஸ்க் வீட்டிலேயே தங்கிவிட்டது. ஆனால் திருகி வைக்க ஆள் இல்லாமல் சகலையும் அக்காவும் எங்கள் மாடிக்கு ஏறி வர ஆரம்பித்தார்கள். முதல் நாள் மூச்சு வாங்க வந்தவர், குழாயைத் தடவிப் பார்த்து, “எண்பதா இது?” என்றார். அந்த முகத்தில் ஓடியது என்ன என்று எனக்கு நன்றாகத் தெரியும். அதில் நான் கைதேர்ந்தவன்.

“எழுபதும் நல்லாதான் இருக்குது சகலை,” என்றேன். வாழ்க்கையில் நான் சொன்ன மிகக் கொடூரமான வார்த்தை அதுதான்.

அடுத்த நிமிஷமே தண்டனை. “மாமா, மொதல்ல நீங்க பாருங்க,” என்றாள் என் மனைவி. என் டெலஸ்கோப், என் மாடி, என் நாற்பது. மறுபடி வயிறு எரிந்தது. அவர் பார்த்தார், “நெலா நகர்ந்துடுச்சி” என்றார், இவள் திருகிக் கொடுத்தாள், அக்கா பார்த்தாள், பிறகு இவள் கண்ணை வைத்தவள் எடுக்கவேயில்லை. இப்போது எனக்குச் சகலைமேல் பொறாமை இருந்தது போக, நிலாமேலும் இருந்தது. செய்வதற்கு வேறு ஒன்றும் இல்லாததால், ஆறிக்கொண்டிருந்த அவள் டீயை எடுத்துக் குடித்துவிட்டேன்.

கண்ணை எடுக்காமலே கையை நீட்டித் துழாவினாள். காலி டம்ளர்தான் அகப்பட்டது.

“ஏங்க, என் டீ எங்க?”

“நகர்ந்துடுச்சி.”

அவள் தோள் குலுங்கியது. கண் ஐபீஸில் இருக்க, சிரிப்பு மட்டும் இந்தப் பக்கம் வந்தது.

“சும்மா இருங்களேன்,” என்றாள். “நெலா ஆடுது.”