பிளேடால் சுரண்டிய கோடு

கேரள எல்லைக்குள், வெள்ளறடைக்குப் போகிற பஸ் திரும்பும் ஒரு சின்ன ஜங்ஷனில், ரப்பர் ஷீட்டு வாங்கும் கடையின் மாடியில் ஒரு பிளான் ஆபீஸ் இருந்தது. தொண்ணூறுகளின் நடுவில் சில வருஷம் நான் அங்கே வேலை பார்த்தேன். ஐடிஐயில் சிவில் முடித்திருந்தேன். வீடு கட்டுகிறவர்களின் நிலத்துக்குப் போய் டேப்பு பிடித்து அளந்து வந்து, டிரேசிங் பேப்பரில் மைப் பேனாவால் வரைவேன். ஆபீஸை நடத்திய எஞ்சினியர் கடைசியில் ஒரு பார்வை பார்த்துக் கையெழுத்துப் போட்டு சீல் வைப்பார். அந்த சீல் இருந்தால்தான் பஞ்சாயத்திலும் வங்கியிலும் காகிதம் நகரும்.

எங்கள் ஊர் ஜங்ஷனிலிருந்து மேலே ஏறிப்போகும் ரோட்டில் இருந்தது. முழுக்கச் சரிவு. ரப்பருக்கும் மரச்சீனிக் கிழங்குக்கும் அந்தச் சரிவு ஒத்துக்கொள்ளும், வீட்டுக்கு ஒத்துக்கொள்ளாது. முன்பெல்லாம் கிடைத்த சின்னச் சமதட்டில் சின்ன வீடாகக் கட்டிக்கொண்டார்கள். வெளிநாட்டுச் சம்பளம் வரத் தொடங்கியதும் எல்லாருக்கும் ரோட்டோரத்தில், கார் நிற்க முற்றத்தோடு, காங்கிரீட் வீடு வேண்டியிருந்தது. முற்றத்துக்கு இடம் விட்டால் வீடு பின்னால் தள்ளிப்போகும். பின்னால் இருப்பது மலை. அதை வெட்டினார்கள்.

மலையடியை எப்படி வெட்ட வேண்டும் என்று எனக்குச் சொல்லித் தந்திருந்தார்கள். நேர்குத்தாக வெட்டக்கூடாது, படிபடியாக வெட்ட வேண்டும். வெட்டு எவ்வளவு உயரமோ அதற்கு ஏற்றபடி வீட்டைத் தள்ளிக் கட்ட வேண்டும். மேலே ஒரு சால் எடுத்து மழைவெள்ளத்தைப் பக்கவாட்டில் திருப்பிவிட வேண்டும். கருங்கல்லில் தாங்குசுவர் கட்டி, உள்ளே ஊறுகிற நீர் வெளியேற அதில் துளைகள் விட வேண்டும். இவையெல்லாம் பரீட்சைக்குப் படித்தவை. எங்கள் பஞ்சாயத்துப் பாரத்திலோ ரோட்டிலிருந்து எவ்வளவு தூரம், எல்லையிலிருந்து எவ்வளவு, கிணற்றுக்கும் கக்கூஸ் குழிக்கும் நடுவில் எவ்வளவு என்று மட்டுமே கேட்டிருந்தது. மலையை எத்தனை அடி வெட்டினாய் என்று கேட்க அதில் ஒரு கட்டமும் இல்லை.

என் அண்ணன் மஸ்கட்டிலிருந்து வந்து வீடு கட்டத் தொடங்கினார். அப்பா இறந்த பிறகு தங்கை என்னை ஐடிஐக்கு அனுப்பியவர் அவர்தான். அதை ஒரு நாளும் வாய்விட்டுச் சொல்லிக்காட்டியதில்லை. சொல்லிக்காட்டியிருந்தால் அவரை எதிர்த்துப் பேச எனக்கு லேசாக இருந்திருக்கும்.

நான் அளக்கப் போனபோது ஆட்கள் ஏற்கெனவே பாதி வெட்டியிருந்தார்கள். அடியிலிருந்து மேல்வீட்டுக் கய்யாலை வரைக்கும், அதாவது மண்ணால் எழுப்பிய எல்லை வரப்பு வரைக்கும், பதினாறு அடி. சுவர் மாதிரி நேராக நின்றது. மேலே செம்மண், நடுவில் சரல்கல், அதற்கும் கீழே வெளுத்த மாவு மாதிரி சேடிமண். அது நனைந்தால் சோப்புப் போல வழுக்கும்.

"அண்ணா, இப்படி வெட்டினா நிக்காது. வீட்ட இன்னும் முன்னால கொண்டுவரணும்."

"முன்னால கொண்டுவந்தா வண்டி எங்க நிக்கும்?"

"வண்டி ரோட்டுல நிக்கட்டு."

"எட்டீ, பத்து வருஷம் மணல்ல கெடந்துட்டு வாறேன். எனக்க வண்டி எனக்க முற்றத்துல நிக்கணும். அது அவ்வளவுதான் ஆக்கும்."

மண் வெட்டிக்கொண்டிருந்த ஆட்கள் சிரித்தார்கள். நானும் சிரித்ததாக ஞாபகம்.

கய்யாலைக்கு மேலே இருந்தவர் பால்வாடி டீச்சர். எங்கள் ஊர்ப் பிள்ளைகளில் பாதிப் பேர் அவரிடம் கஞ்சி குடித்து வளர்ந்தவர்கள். மிஷன் சர்ச்சைச் சேர்ந்த குடும்பம். அவர் கணவர் ரப்பர் பால் வெட்டுகிற வேலைக்காரர், மழைக்காலத்தில் வேலை இருக்காது. செங்கல் சுவரும் ஆஸ்பெஸ்டாஸ் கூரையுமாக இரண்டு அறை வீடு. எங்கள் வெட்டு விளிம்பிலிருந்து அவர்கள் அடுக்களைக்கு எட்டடிகூட இருக்காது.

டீச்சர் முதலில் என்னிடம்தான் வந்தார், பஞ்சாயத்துக்கு அல்ல.

"மக்கா, நீ படிச்ச பிள்ளதானே. எனக்க அடுக்களயில நின்னா தரை அதிருது. ஒனக்க அண்ணன்கிட்ட ஒரு வார்த்த சொல்லு."

"சொன்னேன் டீச்சர்."

"என்ன சொன்னான்?"

நான் பென்சிலைச் சீவினேன். டீச்சர் ஆபீஸ் படி இறங்கிப் போனார்.

வீட்டுச் சுவர் ஜன்னலுக்கு மேலே லிண்டல் மட்டத்துக்கு வந்தபோது டீச்சர் பஞ்சாயத்தில் புகார் எழுதிக் கொடுத்தார். வீட்டுக்குப் பின்னால் நிலம் எப்படி இருக்கிறது என்று பிளானில் காட்டச் சொல்லி எங்களுக்கு நோட்டீஸ் வந்தது. காட்டுவதற்கு என்னிடம் ஏற்கெனவே படம் இருந்தது. வீட்டைக் கத்தியால் அறுத்துப் பார்த்த மாதிரி ஒரு செக்ஷன் வரைந்து, அதில் மலைவெட்டையும் உள்ளபடியே போட்டிருந்தேன். பதினாறு அடி உயரம், வீட்டிலிருந்து நாலடி தூரம், மேலே அவர்கள் அடுக்களை. யாரும் கேட்காமலே வரைந்தது அது.

அண்ணன் ஆபீஸுக்கு வந்து அந்தப் படத்தை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார். எஞ்சினியரும் பக்கத்தில் வந்து நின்றார்.

"இத வச்சுக் குடுத்தா வேலைய நிறுத்தச் சொல்லுவாவ," என்றார் எஞ்சினியர். "அந்தக் கோட்ட மாத்தீட்டா பிரச்சனை இல்ல."

அண்ணன் என்னைப் பார்த்தார். "லீவு முடிய ஒரு மாசம் உண்டு. நான் போறதுக்குள்ள மேல காங்கிரீட் வார்ப்பு போடணும். நீ பாத்துச் செய்யி."

டிரேசிங் பேப்பரில் மையால் போட்ட கோட்டை ரப்பரால் அழிக்க முடியாது. சவரப் பிளேடைப் பாதியாக ஒடித்து, பேப்பர் கிழியாமல், நுனியால் மெல்ல மெல்லச் சுரண்ட வேண்டும். எனக்கு அது நன்றாக வரும். அன்று மத்தியானம் அந்த நேர்குத்துக் கோட்டைச் சுரண்டி எடுத்தேன். வீட்டுக்குப் பின்னால் பத்தடி சமநிலமும், அதற்கப்பால் சாய்வாக ஏறிப்போகும் ஒரு வளைகோடும் வரைந்தேன். கோட்டுக்கு மேலே, இயற்கையான நிலமட்டம் என்று அழகான எழுத்தில் எழுதினேன். யாரும் என் கையைப் பிடித்து வரைய வைக்கவில்லை. இதை எழுதும்போது அப்படி ஏதாவது நடந்திருக்கக் கூடாதா என்றுகூடத் தோன்றுகிறது.

பஞ்சாயத்து ஓவர்சியர் ஒரு மழை நாளில் பார்வையிட வந்தார். முற்றத்தில் குடைபிடித்து நின்று, சாயா குடித்து, பிளானை விரித்துப் பார்த்தார். எழும்பி நின்ற சுவர் பின்பக்கத்தை மறைத்திருந்தது. சுற்றிப் போனால் முழங்கால் சேறு. அவர் புதுச் செருப்புப் போட்டிருந்தார். மேலே கய்யாலை ஓரத்தில் டீச்சர் நனைந்துகொண்டு நின்று, அவருக்குப் புரியட்டும் என்று மலையாளத்தில், பின்பக்கம் வந்து பார்க்கச் சொல்லிக் கூப்பிட்டார்.

"சாரே, ஒந்நு பின்னிலேக்கு வந்நு நோக்கணே!"

"நோக்காம், நோக்காம்," என்றார் அவர் தலையைத் தூக்காமலே. பிறகு அண்ணனிடம், "பிளான் பிரகாரம் எல்லாம் சரியாணு," என்று பேப்பரை மடித்தார். டீச்சர் அங்கேயே நின்றார். நான் முற்றத்தில் சாயா கிளாஸை வாங்கிக்கொண்டிருந்தேன்.

வார்ப்பு முடிந்து, பால்காய்ச்சும் முடிந்து, அண்ணன் திரும்பிப் போனார். மதினியும் அம்மாவும் நானும் அந்த வீட்டுக்குக் குடிபோனோம். முதல் மழைக்காலத்தை மலை எப்படியோ தாங்கிவிட்டது. அடுத்த வருஷம் ஐப்பசியில் நாலு நாள் விடாமல் பெய்தது. அஞ்சாம் நாள் காலை பதினொரு மணிக்கு மலை இறங்கியது.

நான் ஆபீஸில் இருந்தேன். ஒரு ஆட்டோக்காரர் வந்து சொல்ல, ஓடினேன். எங்கள் வீட்டின் பின்சுவர் விரிந்து, அடுக்களை ஜன்னல் வரைக்கும் மண் ஏறியிருந்தது. மதினியும் அம்மாவும் முற்றத்தில் நின்று அழுதுகொண்டிருந்தார்கள். இருவர் மேலும் ஒரு கீறல் இல்லை. நான் தலையைத் தூக்கிப் பார்த்தேன். டீச்சர் வீட்டில் பாதியைக் காணோம். அடுக்களையும் அதையொட்டிய அறையும் எங்கள் பின்பக்கத்தில் செங்கலும் ஆஸ்பெஸ்டாஸுமாகக் கிடந்தன. அந்த அறையில் படுத்திருந்த டீச்சரின் கணவரை ஊர்க்காரர்கள் தோண்டி எடுத்து, ஒரு கதவில் வைத்துச் சுமந்து போனார்கள். உயிர் இருந்தது. இடுப்பெலும்பு ஒடிந்திருந்தது. பால்வாடியிலிருந்து ஓடிவந்த டீச்சரின் கையில் கஞ்சி விளம்புகிற கரண்டி இருந்தது. அதைக் கீழே வைக்கக்கூட அவருக்குத் தோன்றவில்லை.

பிறகு விசாரணை வந்தது. யார் வெட்டியதால் இடிந்தது என்று பார்க்க பஞ்சாயத்துக்கு இருந்த ஒரே சாட்சி, ஒப்புதல் கொடுத்து வைத்திருந்த எங்கள் பிளான்தான். அதில் வெட்டு இல்லை. பத்தடி சமநிலமும் இயற்கையான சாய்வும் இருந்தன. இடிந்துவிட்ட மண்ணைப் பார்த்து முன்பு எப்படி இருந்தது என்று யாரால் சொல்ல முடியும்? மேலே டீச்சரின் கணவர் வாழை நட நாலைந்து குழி தோண்டியிருந்தார். அதில் மழைவெள்ளம் தேங்கி, அதனால் மண் இளகிச் சரிந்தது என்று எழுதிவிட்டார்கள். இயற்கைச் சேதம் என்று டீச்சருக்கு ஏதோ கொடுத்தார்கள்.

அந்த வாரமே டீச்சர் ஆபீஸ் மாடிப்படி ஏறி வந்தார். பஞ்சாயத்தில் எடுத்த பிளான் நகல் கையில் இருந்தது.

"இது நீ வரஞ்சதா மக்கா?"

"ஆமா டீச்சர்."

"இந்த எடத்துல நான் இருவது வருஷம் இருந்தேன். நீங்க வெட்டின பெறவு இப்படி ஒரு சாய்வு அங்க உண்டுமா?"

நான் எஞ்சினியரைப் பார்த்தேன். அவர் போனை எடுத்து யாரையோ கூப்பிட ஆரம்பித்தார்.

"நான் கேஸு ஒண்ணும் குடுக்க மாட்டேன். பதினாறடி வெட்டியிருந்துதுன்னு ஒரு வரி எழுதித் தா. அது போதும்."

"எஞ்சினியர்கிட்டதான் கேக்கணும் டீச்சர்," என்றேன். எஞ்சினியர் ஆறடி தூரத்தில் உட்கார்ந்திருந்தார்.

டீச்சர் அந்த நகலை நாலாக மடித்துக் கைப்பையில் வைத்துக்கொண்டு போனார். ஒரு கடுஞ்சொல் சொல்லவில்லை. இரண்டு மாதத்தில் அவர்கள் மிச்ச வீட்டையும் விட்டு, குளத்தூர்ப் பக்கம் வாடகைக்குப் போனார்கள். இடிந்த நிலத்தை யாரும் வாங்க முன்வரவில்லை. கடைசியில் வாங்கியது என் அண்ணன்.

அவர் அடுத்த லீவில் வந்து என்னைக் கூப்பிட்டார். "இனி எல்லாம் சரியா செய்யணும். நீ படிச்ச மாதிரி வரஞ்சு தா."

வரைந்து கொடுத்தேன். மேல்நிலம் இப்போது எங்களுடையது என்பதால் மலையைச் சாய்த்து வெட்ட இடம் இருந்தது. மூன்று படிகள், மேலே சால், அடியில் கருங்கல் தாங்குசுவர், அஞ்சடிக்கு ஒரு துளை. டீச்சரின் முன்னறை இருந்த இடத்தில் முதல் படி வந்தது. கட்டி முடித்ததும், பஞ்சாயத்து முழுக்க இப்படி ஒரு சுவர் கிடையாது என்று ஓவர்சியர் பாராட்டியதாக மதினி சொன்னாள்.

நான் கல்யாணம் ஆகி நெய்யாற்றின்கரைக்கு வந்த பிறகு, ஒருநாள் அங்கே பஸ் ஸ்டாண்டில் டீச்சரைப் பார்த்தேன். ஒதுங்கிப்போக முயன்றேன், அதற்குள் அவர் பார்த்துவிட்டார். பிள்ளைகள் எத்தனை என்று கேட்டார், அம்மாவை விசாரித்தார். நான் அவர் கணவரைப் பற்றிக் கேட்டேன்.

"கம்பு ஊணி நடக்காரு. ஆனா அவருக்கு அந்த வாழக்குழி மனசவிட்டுப் போவல்ல மக்கா. நான்தான் நமக்க வீட்ட இடிச்சேன்னு சொல்லிச் சொல்லி இருக்காரு. நான் எவ்வளவு சொன்னாலும் நம்ப மாட்டேங்காரு. பஞ்சாயத்துக் கடலாசுல எழுதியிருக்குல்லா."

"நான் வந்து சொல்லுதேன் டீச்சர்," என்றேன். சொல்லும்போது உண்மையாகவே போகத்தான் நினைத்தேன்.

டீச்சர், குளத்தூரில் சர்ச்சுக்குப் பக்கத்தில் எந்த வழி, எத்தனாவது வீடு என்று நிதானமாகச் சொன்னார். அவருடைய பஸ் வந்தது, ஏறிப் போனார்.

நெய்யாற்றின்கரையிலிருந்து குளத்தூருக்கு முக்கால் மணி நேரம்கூட ஆகாது. முதலில் பிள்ளைக்குக் காய்ச்சல் என்று தள்ளிப்போட்டேன். அப்புறம் ஓணம் வந்தது. அப்புறம் காரணம் தேடுவதையும் விட்டுவிட்டேன். நான் போகவில்லை.