ருசி பார்க்காத மீன் குழம்பு

இரண்டு வருடத்துக்கு முன்னால், தூத்துக்குடியில் எங்கள் வீட்டில் நடந்தது இது. துறைமுகத்தில் கிரேன் ஓட்டிக்கொண்டிருந்த என் கணவருக்குப் பக்கவாதம் வந்து, வலது கை காலோடு பேச்சும் போய்விட்டது. உயிர் பிழைத்ததே பெரிது என்றார்கள். எனக்கு அது போதவில்லை. முப்பது வருடமாக, வாசலில் செருப்பைக் கழற்றும்போதே "ஏளா" என்று கூப்பிட்டுக்கொண்டு வருகிற மனிதர். அந்தக் குரல் இல்லாமல் வீட்டில் இருப்புக் கொள்ளவில்லை.

திருச்செந்தூர் முருகனுக்கு நேர்ந்துகொண்டேன். அவர் எழுந்து நடக்கிற வரைக்கும் எங்கள் வீட்டில் மீன், முட்டை கிடையாது. பருப்பு வாயு என்று யாரோ சொல்ல, அதையும் நிறுத்தினேன். வெறும் கஞ்சியும் ரசம் சோறும்தான். ஒரு மாதத்தில் ஆள் பாதியாகிவிட்டார். பாதம் வீங்கியது. பயிற்சி கொடுக்க வருகிறவர் தூக்கி நிறுத்தினால் ஒரு நிமிடம்கூட நிற்க முடியவில்லை.

ரத்தப் பரிசோதனையைப் பார்த்த டாக்டரம்மா, "ரத்தத்துல புரதம் ரொம்ப இறங்கிருக்கே, என்னம்மா குடுக்கீங்க?" என்று கேட்டார். என் விரதத்தைப் பெருமையாகச் சொன்னேன்.

"புரதம் இல்லாம உடம்பு எதை வச்சும்மா தேறும்? கடலுக்குப் பக்கத்துல இருந்துக்கிட்டு இப்படிப் பட்டினி போட்டிருக்கீங்களே."

எனக்கு நிமிர்ந்து பார்க்க முகமில்லை. அவர் தேற வேண்டும் என்று நேர்ந்த நானே அவரைத் தேறவிடாமல் வைத்திருந்தேன்.

"முருகா, விரதத்தை நான் ஒருத்தி இருந்துக்கிடுதேன், அவரை விட்டுரு" என்று அழுதுவிட்டு, மறுநாளே சீலா மீன் வாங்கிக் குழம்பு வைத்தேன். விரதக்காரி என்பதால் ருசி பார்க்கவில்லை. முள் எடுத்து, மசித்து ஊட்டினேன். முட்டையும் பருப்பும் திரும்ப வந்தன. வாரங்கள் போகப் போக வீக்கம் வடிந்தது. சுவரைப் பிடித்து நின்றார்.

ஒரு மதியம், வாயில் வைத்த சோற்றை மெல்லாமல் முகத்தைச் சுளித்தார். தொண்டையில் ஏதும் சிக்கிவிட்டதோ என்று நான் பதற, "ஏ... ளா... உப்பு" என்றார். உப்பளத்து ஊரில் உப்பே போடாமல் குழம்பு வைத்திருக்கிறேன்! தட்டைக் கீழே வைத்துவிட்டு, அழுகையும் சிரிப்புமாக அவர் கையைப் பிடித்துக்கொண்டேன்.

இப்போது கம்பு ஊன்றி நடக்கிறார். என் விரதமும் முடிந்தது. பேச்சுதான் சரியாகத் திரும்பவில்லை. ஒரு நாளைக்கு நாலைந்து வார்த்தை வந்தால் அதிகம். மீன் குழம்பை இன்றைக்கும் நான் ருசி பார்க்காமல்தான் இறக்குகிறேன், உப்பு குறைந்தாலாவது என்னை ஒரு தடவை கூப்பிட மாட்டாரா என்று.